அடுத்த மேசையின் காதுகள்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள தேநீர்க்கடைகளிலே ஒரு புதுவகைக் கூட்டத்தைக் காணலாம். பங்குனி முடிவோடு முடிந்த வரி ஆண்டின் வருமான விபரத்திரட்டை நவம்பர் 30ஆம் திகதிக்கு முன் ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே, மழைக்கு நனையாதபடி பொலித்தீன் பையிலே சுற்றிய வங்கிக் கடிதங்களையும் சேமிப்புப் புத்தகங்களையும் நெஞ்சோடணைத்துக் கொண்டு முதியவர்கள் கடைகளுக்குள் நுழைகின்றனர். உள்ளே, கடைசி மேசையிலே, மடிக்கணினியைத் திறந்துவைத்தபடி ஒருவர் காத்திருக்கிறார். பகல் முழுதும் கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் உழைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பிறகு இவ்வேலையைச் செய்பவர் அவர். தமக்கென ஓர் அலுவலக அறை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர். வடையும் தேநீரும் வருகின்றன. கணக்கும் தொடங்குகிறது.

சென்ற ஆண்டு அத்தகைய மேசையொன்றுக்குப் பக்கத்து மேசையிலே நான் அமர்ந்திருந்தேன். ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள், முன்பின் அறியாத ஒரு மூதாட்டியின் வாழ்க்கை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவருக்குக் காது மந்தம். ஆதலால், எதிரே இருந்த இளைஞர் ஒவ்வொன்றையும் உரத்த குரலிலே கேட்க வேண்டியிருந்தது.

"அம்மா, இந்த வைப்பு எப்ப முதிருது? தை மாசமோ?"

"ஓம் தம்பி, தை கடைசியிலை."

"மற்ற வங்கியிலை கிடக்கிறது உங்கடை பேரிலை மட்டுமோ, மகன்ரை பேரும் சேர்த்தோ?"

"மகன் கனடாவிலையெல்லோ. என்ரை பேரிலைதான். நான் தனியத்தானே இருக்கிறன்."

தொகையும் சொல்லப்பட்டது. தொடர்மாடியின் பெயரும் எத்தனையாம் மாடி என்பதும் சொல்லப்பட்டன. இறுதியாகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை அவ்விளைஞர் ஒவ்வோர் எண்ணாக வாசித்துச் சரிபார்த்தார். நம் நாட்டு அடையாள அட்டையின் இலக்கம் வெறும் இலக்கமன்று. பழைய அட்டையின் முதலிரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் பிறந்த ஆண்டு நான்கு எண்ணாக நீண்டதேயன்றி இந்த ஏற்பாடு மாறவில்லை. வங்கிக்குத் தொலைபேசியில் அழைத்தால் "நீங்கள்தானா" என்று உறுதிப்படுத்தக் கேட்கும் விபரங்களில் இவை முன்னிற்பவை. அக்கடையிலே அன்று பன்னிரண்டு பேராவது இருந்தோம்.

அவ்விளைஞர்மீது எனக்குச் சினமேதும் இல்லை. கேளாத செவிக்காகக் குரலை உயர்த்திய அவர், அந்த அம்மாவிடம் தேநீர்க் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டார். அன்புடையவரும் திறமையுடையவரும் ஆகிய ஒருவர் செய்யும் காரியத்திலேயே இத்தனை ஒழுக்கு இருக்குமாயின், பிழையை அவருடைய குணத்திலே தேடிப் பயனில்லை.

இக்கூட்டம் ஏன் திடீரெனப் பெருத்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1932ஆம் ஆண்டு வருமான வரிக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் வந்தபோதும், அதன்பின் பல பத்தாண்டுகளும், வருமான வரி என்பது பெரிய உத்தியோகத்தர், வர்த்தகர், தோட்டச் சொந்தக்காரர் ஆகியோரின் விவகாரமாகவே நம் மக்களால் கருதப்பட்டது. 2022இன் பொருளாதார வீழ்ச்சி அந்நிலையை மாற்றியது. 2023 ஜனவரியில் வரிவிலக்கெல்லை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவாக இறக்கப்பட்டது. உச்ச வீதம் 36 ஆயிற்று. மருத்துவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வங்கி ஊழியரும் வீதிக்கு இறங்கிக் கண்டனஞ் செய்தமை வாசகர் அறிந்ததே. 2024 தொடக்கத்திலிருந்து 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் வரி செலுத்துநராகப் பதிந்து அடையாள இலக்கம் பெறவேண்டும் என்றாயிற்று. 2025 ஏப்ரலில் விலக்கெல்லை 18 இலட்சமாக உயர்ந்தது உண்மையே. ஆனால் அதே நாளில், வைப்பு வட்டியிலிருந்து வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக இரட்டித்தது. வருமானம் எல்லைக்கு உட்பட்டோர் தாமே உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அப்பிடிப்பிலிருந்து தப்பலாம். வட்டியை நம்பிச் சீவிக்கும் விதவைகளும் ஓய்வுபெற்றோரும் நிறைந்த வெள்ளவத்தையிலே இதன் பொருள் என்ன? வரியே கட்டத் தேவையில்லாதவர்களும், தாம் கட்டத் தேவையில்லை என்பதை நிறுவுவதற்காகத் தம் ஏழ்மையின் கணக்கை இன்னொருவர் முன் விரித்துவைக்க வேண்டியவர்களாயினர் என்பதே.

விரிப்பதற்கு இடம் வேண்டுமன்றோ?

செல்வர்க்கு இக்கேள்வி எழுவதில்லை. அவருடைய கணக்குப் பேசப்படும் அறைக்குக் கனத்த கதவு உண்டு. குளிரூட்டி உண்டு. வாசலிலே பெயரைப் பதிந்து உள்ளே விடும் காவலாளியும் உண்டு. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது. அதன் உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் ஒழுக்க விதிக்கோவை சர்வதேச விதிகளைத் தழுவியது. அவ்விதிகள், சேவை பெறுவோரின் இரகசியத்தை வேண்டுமென்று வெளியிடுவதை மாத்திரமன்றி, நண்பர் கூட்டங்களிலே வாய்தவறி வெளியிடுவதையும் எச்சரிக்கின்றன. நல்ல விதிதான். ஆனால் தேநீர்க்கடையின் கடைசி மேசையில் இருப்பவர் பெரும்பாலும் எந்த நிறுவகத்தின் உறுப்பினருமல்லர். இறைவரித் திணைக்கள உத்தியோகத்தரைச் சட்டம் வாய்பூட்டி வைத்திருக்கிறது. தொழிலினால் தாம் அறிந்ததை அவர் வெளியிடல் குற்றம். அப்பூட்டு திணைக்களத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது. படிவம் வாயிலைச் சேர்வதற்கு முன் அது பயணஞ் செய்யும் தூரத்துக்குப் பூட்டில்லை. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடைவெளியை நிரப்பும் என்று சொன்னார்கள். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய அதன் முக்கியமான பகுதிகளோ ஒத்திவைக்கப்பட்டன.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. அங்கே வீடு இல்லாமல் இல்லை. வீட்டிலே சுவர் இல்லை. ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கைகளிலே ஒரு வீட்டைப் பலகை வைத்து மூன்றாக்கிக் குடியிருப்போர் பலர். அவ்வாறான ஒரு குடியிலே, மூன்று தையல் இயந்திரங்களை வைத்துப் புறக்கோட்டைக் கடைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கணவன் பிரிந்துபோய் ஆண்டுகள் பல. அவருடைய கணக்கை எழுத வந்தவர் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டபோது அவர் சொன்ன மறுமொழி இது:

"வீட்டுக்கு வேணாம் சேர். பலகைக்கு அந்தப் பக்கம் மச்சினன் வீடு. ஆம்பிள ஒருத்தர் பேப்பர்க் கட்டோட வந்து போனா நாளைக்கு ஊரே பேசும். கடையிலயே இருந்து பேசுவோம்."

இதனை நகரத்து நண்பர் சிலர் விளங்கிக் கொள்வதில்லை. பொதுவிடத்திலே சந்திப்பதென்பது கவலையீனம் என்றும், 'வீட்டில் சந்தியுங்கள்' என்று ஒரு வரியில் தீர்த்துவிடலாம் என்றும் அவர்கள் எண்ணுகின்றனர். அந்தப் பெண்ணுக்குக் கடை என்பது பாதுகாப்பு. நாலுபேர் காணும்படி இருப்பதனால் அவருடைய மானம் காப்பாற்றப்படுகிறது. நாலுபேர் கேட்கும்படி இருப்பதனால் அவருடைய வருமானம் பறிபோகிறது. இவ்விரண்டிலே ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி நம் சமுதாயம் அவரை நிறுத்தியிருக்கிறது. தனியறையும் நற்பெயரும் ஒருங்கே கிடைக்கும் வாய்ப்பு ஆணுக்கும் பணக்காரருக்குமே உரியதாக இருக்கும்வரை, 'இரகசியம் பேணுக' என்ற உபதேசம் அவர் செவியிலே கேலியாகத்தான் ஒலிக்கும்.

நடந்தது என்னவென்றால், புனித லூசியா பேராலயத்துக்குச் சமீபமான ஒரு குளிர்பானக் கடையிலே கணக்குப் பேசப்பட்டது. மாதம் எவ்வளவு வருகிறது, எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, சீட்டிலே எவ்வளவு போட்டிருக்கிறார் என்பன எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதப்பட்டன. பரிமாறும் பையன் கணவனின் உறவினன் என்பது அவருக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. பத்து நாட்களின் பின் கணவன் வாசலிலே வந்து நின்றான். வந்தவன் பிள்ளைகளின் சுகத்தை விசாரிக்கவில்லை. சீட்டு எப்போது விழும் என்றுதான் கேட்டான். அதன்பின் நடந்தவற்றை இங்கே எழுதுதல் முறையன்று. அவையும் அவருடைய அந்தரங்கமே. ஓர் இயந்திரம் விற்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லலாம்.

மத்தியதர வர்க்கத்து முதியவர் இவ்விஷயத்திலே கொள்ளும் அச்சத்துக்கு மற்றொரு வேரும் உண்டு. வெள்ளவத்தைத் தமிழர் தம் முகவரியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதைக் கண்டு சிரிக்கும் இளைஞர், 1983 ஜூலையை வாசித்தறிய வேண்டும். அந்நாட்களிலே கொழும்பில் வீடு வீடாக வந்த கும்பல்கள் வாக்காளர் இடாப்பின் பிரதிகளைக் கையில் வைத்திருந்தன என்பதைப் பல சாட்சியங்கள் பதிவுசெய்துள்ளன. வாக்களிப்பதற்காகத் தொகுத்த பெயர்ப் பட்டியல் அது. குடியாட்சியின் மிகச் சாதாரணமான, மிக நல்ல நோக்கமுடைய பட்டியல். எந்த வீட்டுக்குத் தீ, எந்த வீட்டுக்கு இல்லை என்பதை அதுவே காட்டிக் கொடுத்தது. யுத்த காலத்திலே வீட்டிலிருப்போர் ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டியிருந்ததும், 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டதும் இவ்வழியிலே வந்தவை. மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. விடுதியின் பதிவுப் புத்தகத்தில் உண்மையான பெயரையும் ஊரையும் எழுதியவர்கள்தாம் பஸ்சில் ஏறினார்கள். அந்த அச்சத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து இன்றைய தேநீர்க்கடையில் வைப்பது மிகையாகும். மூதாட்டியின் வைப்புத் தொகையைக் கேட்டவன் கொள்ளிக்கட்டையோடு வரப்போவதில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்போடு வருவான். ஆயினும், ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த விபரம் மற்றொரு நோக்கத்துக்குக் கைமாறும் என்பதை இவ்வூர் மக்கள் புத்தகத்திலே படித்து அறியவில்லை.

இவ்விடத்தில் எனது தோழர் ஒருவர், பழைய தொழிற்சங்கவாதி, குறுக்கிட்டார். "நாங்கள் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லிப் போராடியவர்கள். இப்போது நீரே கதவைச் சாத்தச் சொல்கிறீரா? இரகசியம் முதலாளியின் ஆயுதமல்லவா?" என்றார். சரியான கேள்வி. இந்நாட்டின் அரசியல்வாதிகளின் சொத்து விபரம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே பல்லாண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது. பணங்கட்டிப் பிரதி பெற்ற குடிமகனும் அதனைப் பிறர்க்கு வெளியிடலாகாது என்றிருந்தது. 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பின்னரே அவ்விபரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கும் கடமை ஏற்பட்டது. 2021இல் பண்டோரா ஆவணங்கள் வெளிவந்தபோது, கடல்கடந்த கம்பனிகளிலே செல்வத்தை ஒளித்தோரின் வரிசையில் இலங்கையர் பெயர்களும் இருந்தன. அவ்விரகசியங்களை உடைத்தோர்க்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் தோழரின் வாதம் இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லால் கட்டுகிறது. நோர்வே நாட்டிலே ஒவ்வொருவரின் வருமானமும் வரியும் எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கின்றன. பிரதம மந்திரியினதும் தெருக் கூட்டுபவரினதும் ஒரே பட்டியலில் உள்ளன. 2014 முதல், யார் பார்த்தார் என்பதும் பார்க்கப்பட்டவருக்குத் தெரியும். அது எல்லோர்க்கும் ஒரேயளவாகச் சட்டம் திறந்த கதவு. ஜம்பட்டா வீதியிலே நடந்தது அதுவன்று. அங்கே வலியவனின் கணக்கு பூட்டியே இருக்க, எளியவளின் கணக்கு ஒழுகியது. கேட்டவன் யார் என்பதும் அவளுக்குத் தெரியாது. வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தஞ் செய்த வரலாற்றைத் தோழர் அடிக்கடி நினைவூட்டுவார். எந்த வேலைநிறுத்தமும் தொழிலாளர் தம் சம்பளத்தை ஒருவர்க்கொருவர் சொல்லி ஒப்புநோக்குவதிலேதான் தொடங்கும். தானாக எடுத்துச் சொன்ன கூலி ஒரு பலம். ஒட்டுக்கேட்டு எடுத்துச்சென்ற கூலி இன்னொருவன் கைப்பிடி. இதைக் கூறியபோது தோழர் உடன்படவில்லை. "முதலில் பெரியவர்களின் பெட்டியை உடைப்போம்" என்றார். உடைப்போம். அதுவரை தையற்காரியின் பையைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து காகிதத்தை மறந்துவிடலாகாது. காலிமுகத் திடலிலே கடலை வாங்கித் தின்றவர் யாவரும் அறிவர்: சுருளை விரித்தால் உள்ளே ஒரு பிள்ளையின் பரீட்சை விடைத்தாளோ ஒரு காரியாலயத்தின் பழைய கடிதமோ இருக்கும். ஒருமுறை எனக்குக் கிடைத்த சுருளிலே ஒருவரின் சம்பளச் சீட்டின் பாதி இருந்தது. பெயர் இருந்த பாதி. போட்டோப்பிரதிக் கடைகளிலே மங்கலாக விழுந்த பிரதிகள் குப்பைப் பெட்டியிலே கிடக்கும். பெட்டி நிறைந்ததும் பழைய காகிதக்காரர் நிறுத்து வாங்குவார். இன்று அதனோடு கைத்தொலைபேசியும் சேர்ந்துவிட்டது. அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி கேட்காத கணக்கெழுத்தர் இல்லை. வேலை முடிந்தபின் அப்படத்தை அழிப்பவரும் அநேகமாக இல்லை. வீட்டிலே அத்தொலைபேசியைப் பிள்ளைகள் விளையாட எடுக்கிறார்கள்.

இச்சஞ்சிகையின் வாசகர்க்கு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தமிழர் வாழும் ஊர்களிலே படிவம் என்று ஒன்று வந்தால் அதனை எடுத்துக்கொண்டு மக்கள் முதலில் வருவது ஆசிரியரிடமே. 'மாஸ்டர், இதை ஒருக்கால் நிரப்பித் தாங்கோ' என்ற சொல்லைக் கேளாத ஆசிரியர் உண்டோ? இப்போது படித்த மாணவரும் அயலவரின் படிவத்தைக் கைத்தொலைபேசியிலேயே நிரப்பிக் கொடுக்கின்றனர். வணிகக் கல்வி கற்பித்து ஓய்வுபெற்ற நான் ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து பேரின் படிவத்தை எழுதுகிறேன். காசு வாங்குவதில்லை. காசு வாங்காத காரணத்தினால் கடமை குறைந்துவிடுவதில்லை. சொல்லப்போனால், நன்றி கூறிக்கொண்டு போகிறவர் நம்மிடம் குறை சொல்ல வாயற்றவராகிறார்.

செய்யத்தக்கவை பெரிய காரியங்களல்ல. தொகையை வாயால் கேளாமல் ஒரு துண்டுத் தாளிலே அவரையே எழுதச் சொல்லலாம். காது மந்தமானவருக்குக் கேள்வியையும் எழுதியே காட்டலாம். அத்தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடையிலே சந்திக்க நேர்ந்தால் அங்கே பத்திரங்களைப் பெற்றுக்கொள்வதோடு நிறுத்தி, கேள்விகளைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். திரையை வழிப்போக்கரின் பக்கம் திருப்பி வையாதிருக்கலாம். இவற்றைச் சொல்லிக் கொடுக்க எந்தச் சட்டமும் வரத் தேவையில்லை. ஆயினும், இடம் என்ற கேள்வி இவற்றால் தீராது. அக்கேள்விக்கு ஒருவர் தனியாக விடை காணவும் முடியாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் கல்வி நிலையங்கள் எத்தனை உள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள். பாடசாலை விடும் வரை அவ்வறைகள் காலை முழுவதும் பூட்டிக் கிடக்கின்றன. பழைய மாணவர் சங்கங்களின் அறைகளும் கோயில் மண்டபத்துக்குப் பின்னாலுள்ள காரியாலயங்களும் வாசிகசாலைகளும் அவ்வாறே. சென்ற நவம்பரில், கொட்டாஞ்சேனையிலே கல்வி நிலையம் நடத்தும் எனது பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். வாடகை பேசவில்லை, மின்சாரத்துக்கு ஏதும் தாருங்கள் மாஸ்டர் என்றார். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை அறை நமக்கு. கதவுக்கு மேற்பாதி கண்ணாடி: உள்ளே யார் இருக்கிறார் என்பது ஒழுங்கையில் நிற்பவருக்குத் தெரியும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. வாசலிலே மாணவரின் தாய்மார் சிலர் எப்போதும் நிற்பதால் ஊர் பேசுவதற்கும் ஒன்றுமில்லை.

அந்தத் தையற்காரப் பெண் இரண்டாம் வியாழக்கிழமை வந்தார். எதிரே அமராமல், கரும்பலகைக்கு அருகே சென்று அறையைச் சுற்றிப் பார்த்தார். பின்னாலிருக்கும் கதவு எங்கே போகிறது என்று கேட்டார். மலசலகூடத்துக்கு என்றேன். சென்று திறந்து பார்த்து, மூடிவிட்டு வந்தார். மின்விசிறியை உச்ச வேகத்திலே தாமே போட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"இப்ப ரெண்டு மெஷின்தான் சேர்," என்றார். "அதிலயிருந்து எழுதுங்க."